எல்லாத்தையும் முதல்ல கண்டுபிடிக்குற அம்மா: தெல்மா ரிட்டருக்கு ஆறு தடவையும் ஆஸ்கர் ஏன் கிடைக்கல?

ரியர் விண்டோ (1954) பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் ஹிட்ச்காக், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கிரேஸ் கெல்லின்னு மூணு பேரை டக்குனு சொல்லிடுவாங்க. அதுல கால்ல மாவுக்கட்டோட சக்கர நாற்காலியில மாட்டிக்கிட்டிருக்குற ஸ்டூவர்ட்டுக்கு முதுகு தேய்ச்சுவிட ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நர்ஸ் வருவாங்கல்ல, வந்தவுடனே அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பாக்குறதுக்கு வாங்கு வாங்குன்னு வாங்குவாங்களே, அவங்க யாருன்னு கேட்டா "ஆமா அந்தம்மா செம, பேரு என்னமோ"ன்னு இழுப்பாங்க. பேரு தெல்மா ரிட்டர். 1950-ல இருந்து 1962-க்குள்ள வந்த படங்களுக்காக சிறந்த துணை நடிகைன்னு ஆறு தடவை நாமினேட் ஆனவங்க, அதுல முதல் நாலும் வரிசையா நாலு வருஷம், அந்தப் பிரிவுல இன்னிக்கு வரைக்கும் இதை விட அதிக நாமினேஷன் யாருக்கும் கிடையாது. ஜெயிச்சது சைபர்.

இதைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் "பாவம், அதிர்ஷ்டம் இல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா அதிர்ஷ்டம்னு சொல்லலாம், ஆறு தடவைன்னா அதுக்குப் பின்னாடி ஏதோ ஒரு காரணம் இருக்கணும். அவங்களுக்குக் கொடுத்த ரோல்களோட அமைப்புலயே அது இருக்குன்னு நினைக்குறேன். அந்த ரோல்தான் அவங்களை ஒவ்வொரு தடவையும் நாமினேஷன் வரைக்கும் கொண்டு போச்சு, அதே ரோல்தான் மேடைக்குக் கீழயே நிறுத்தியும் வச்சுது.

முதல்ல குணச்சித்திர நடிகைன்னா அந்தக் கால ஹாலிவுட்ல என்ன வேலைன்னு புரிஞ்சுக்கணும். 1930, 40-கள்ல எம்ஜிஎம், பாரமவுன்ட், வார்னர், ஃபாக்ஸ் எல்லாம் ஃபாக்டரி மாதிரி வருஷம் முழுக்க படம் எடுத்துத் தள்ளுனாங்க. ஸ்டார் நாலஞ்சு பேருதான், ஆனா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாமியார், ஒரு ஜட்ஜ், ஒரு வேலைக்காரம்மா, ஒரு ஹோட்டல் மேனேஜர் வேணும். இதுக்குன்னே வார சம்பளத்துல ஒரு பட்டாளத்தை வச்சிருந்தாங்க. அந்த முகத்தைப் பார்த்தவுடனே ஜனங்களுக்கு ஆள் எப்படின்னு புரிஞ்சிடும், ரைட்டர் ரெண்டு பக்கம் எழுதி விளக்க வேண்டிய வேலை மிச்சம். பியூலா பாண்டி நாலு படத்துல ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு அம்மா, அவங்க கதவைத் திறந்தாலே இது பையனோட அம்மான்னு தெரிஞ்சிடும். மார்கரெட் ஹாமில்டன்னா ஓஸ் படத்து சூனியக்காரி, அதுக்கு மேல விளக்கமே வேண்டாம்.

இவங்களுக்குன்னு தனியா ஆஸ்கர் ஆரம்பிச்சதே லேட். துணை நடிகர், துணை நடிகை பிரிவு 1936-ல வந்த படங்களுக்குத்தான் முதல் தடவை கொடுத்தாங்க, அதுவும் முதல் சில வருஷம் முழு சிலை கிடையாது, சின்ன பலகை மாதிரி ஒண்ணைக் கொடுத்து அனுப்பிடுவாங்க. 1944 விழாவுலதான் இவங்க கையிலயும் முழு பொம்மை வந்துச்சு. ஹாட்டி மெக்டேனியல் கான் வித் தி விண்ட் படத்துக்கு 1940-ல ஜெயிச்சப்போ வாங்குனது அந்தப் பலகைதான், உக்காந்ததும் மத்த நடிகர்களோட இல்லாம ஓரமா போட்ட தனி டேபிள்ல. அதை ஏன் இங்க சொல்றேன்னா, வேலைக்காரி ரோல்னு பேசுறப்போ அந்தக் காலத்துல அதுல பாதியை கறுப்பின நடிகைகள்தான் சுமந்தாங்க, அவங்களுக்கு அதைத் தவிர வேற ரோலே கிடையாது. தெல்மா ரிட்டருக்கு அந்தக் கதவு பூட்டியிருக்கல, அவங்க வேலைக்காரியா நடிச்சாலும் முதலாளியம்மாவை எதிர்த்துப் பேசுற உரிமையை ஸ்கிரிப்டே கொடுத்துச்சு. அந்த வித்தியாசத்தையும் மனசுல வச்சுக்கிட்டுதான் அவங்க படங்களைப் பாக்கணும்.

சரி, ஆளு யாரு? 1902 பிப்ரவரி 14-ல நியூயார்க் ப்ரூக்லின்ல பிறந்தவங்க. அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸ்ல படிச்சாங்க, ஊர் ஊரா நாடக கம்பெனியில நடிச்சாங்க, 1926-ல நியூயார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வேல தலை காட்டுனாங்க, பெருசா ஒண்ணும் நடக்கல. ஜோசஃப் மோரன்னு ஒரு நடிகரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அவரு நடிப்பை விட்டுட்டு விளம்பரத் தொழிலுக்குப் போயிட்டாரு, ரெண்டு குழந்தை, இவங்களும் நாடகத்தை விட்டுட்டு வீட்டைப் பாத்துக்கிட்டாங்க. குழந்தைங்க கொஞ்சம் வளர்ந்தப்புறம் 1940-கள்ல ரேடியோ நாடகங்கள். அந்தக் குரலைக் கேட்டிருந்தா ரேடியோ ஏன் கூப்பிட்டுச்சுன்னு புரியும், சரளைக் கல்லை உரசுன மாதிரி ஒரு குரல், அசல் ப்ரூக்லின் உச்சரிப்பு.

சினிமாவுக்கு வந்தப்போ வயசு 45. ஹீரோயின்கள் எல்லாம் 35 தாண்டுனா வாய்ப்பு போயிடுமோன்னு பயப்படுற ஊர்ல 45-ல ஆரம்பிச்சாங்க. 1947-ல மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட், டைரக்டர் ஜார்ஜ் சீட்டன் ஏற்கனவே தெரிஞ்சவரு. மேசிஸ் கடையில கிறிஸ்மஸ் கூட்டம், பையன் கேட்ட பொம்மை ஃபயர் என்ஜின் எங்கயும் கிடைக்காம கால் வலியோட வர்ற ஒரு அம்மா. அந்தக் கடை சான்டா கிளாஸ் தாத்தா "இங்க இல்லம்மா, இன்ன கடையில கிடைக்கும்"னு போட்டிக் கடைக்கே வழி சொல்லி அனுப்ப, இவங்களுக்கு காதையே நம்ப முடியல, நேரா கடை ஆள்கிட்டப் போய் இனிமே நான் இங்கதான் வாங்குவேன்னு சொல்லிட்டுப் போறாங்க. அவ்வளவுதான் ரோல், டைட்டில்ல பேரு கூட இல்ல. ஆனா கவனிச்சுப் பாருங்க, படத்தோட மொத்தக் கதையும் அந்த சின்ன சீன்லதான் திரும்புது. வியாபாரத்தை விட நேர்மை பெருசுன்னு ஒரு தாத்தா சொன்னா அதுல வியாபாரமும் பெருகும்னு கடை முதலாளிக்குத் தெரிய வர்றது இந்த மாதிரி அம்மாக்களாலதான். ஃபாக்ஸ் ஸ்டூடியோ தலைவர் டேரில் சானக் எடுத்த வரைக்கும் பார்த்துட்டு இந்தம்மாவோட பகுதியைக் கொஞ்சம் பெருசாக்குங்கன்னு சொன்னதா சொல்லுவாங்க. அப்புறம் ஃபாக்ஸ் கான்ட்ராக்ட்.

அடுத்து ஜோசஃப் மேன்கிவிச் 1949-ல எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ் எடுக்குறப்போ ஒரு வேலைக்காரம்மா ரோல், அதுக்கும் டைட்டில்ல பேரு இல்ல. ரயில் தண்டவாளத்தை ஒட்டுன வீட்டுல ரயில் போறப்போ எல்லாம் வீடே ஆட, ஆடுறதைக் கண்டுக்காம உக்காந்து சீட்டு விளையாடிட்டு இருப்பாங்க. மேன்கிவிச்சுக்கு இவங்களை ரொம்பப் புடிச்சுப் போச்சு, அடுத்த வருஷம் ஆல் அபவுட் ஈவ் எழுதுறப்போ பெர்டி ரோலை இவங்களை மனசுல வச்சே எழுதுனாரு.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது. ஆல் அபவுட் ஈவ் கதை தெரியும்ல, மார்கோன்னு ஒரு பெரிய நாடக நடிகை (பெட்டி டேவிஸ்), அவங்ககிட்ட ஈவ்னு ஒரு அப்பாவி மாதிரி பொண்ணு (ஆன் பாக்ஸ்டர்) ரசிகையா வந்து ஒட்டிக்கிட்டு கடைசியில இடத்தையே புடிச்சிடுது. ஈவ் தன் சோகக் கதையை மேக்கப் ரூம்ல சொல்றப்போ எல்லாரும் கண்ணைத் துடைக்கிறாங்க. மார்கோவோட உதவியாளரா இருக்குற பெர்டி, வாட்வில்னு சொல்ற பழைய பாட்டு, காமெடி மேடைகள்ல அனுபவம் உள்ளவங்க, கேட்டு முடிச்சுட்டு ஒரு கமென்ட் அடிப்பாங்க, கதையில வேட்டை நாய் துரத்துற சீன் ஒண்ணுதான் மிச்சம்ங்குற மாதிரி. இந்தம்மாவுக்கு நாடகம் எப்படித் தயாராகும்னு தெரியும், அதனால நாடகம் போடுறவளையும் தெரியுது. அப்புறம் மார்கோ நேராவே கேக்குறா, உனக்கு ஈவைப் புடிக்கலைல்லன்னு. அதுக்கு பெர்டி குடுக்குற பதில்தான் படத்தோட திருப்பம், அவ உங்களைப் படிக்குறா, ஒரு புத்தகத்தைப் படிக்குற மாதிரி, வீட்டு பிளானைப் பாக்குற மாதிரி, நீங்க எப்படி நடக்குறீங்க எப்படி சாப்பிடுறீங்கன்னு.

அந்தப் பதிலுக்கு அப்புறம் மார்கோவுக்கு சந்தேகம் வந்துடுது, பாக்குற நமக்கும் வந்துடுது. பிரபலமான பார்ட்டி சீன் முடிஞ்சதும் பெர்டியைத் தேடிப் பாருங்க, ஆளையே காணோம். எங்க போனாங்க, வேலையை விட்டாங்களா, மார்கோ கூடவே இருக்காங்களா, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எனக்கு இந்தப் படம் உயிர், ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது பாதியில அந்தம்மா இல்லாதது உறுத்தும். யோசிச்சா காரணம் சிம்பிள்தான்: பெர்டியோட வேலை உண்மையை முதல்ல பாக்குறது, பார்த்து சொல்லியாச்சு, இனிமே நமக்கே தெரியும்ங்குறதால கதைக்கு அவங்க தேவையில்ல.

இதை மனசுல வச்சுக்கிட்டு மத்த படங்களைப் பார்த்தா ஒரே அச்சு. 1961-ல மிஸ்ஃபிட்ஸ், கிளார்க் கேபிளும் மர்லின் மன்றோவும் முழுசா நடிச்சு முடிச்ச கடைசிப் படம். விவாகரத்து வாங்க ரீனோ வந்த மன்றோவுக்கு வீட்டுல இடம் கொடுத்து, அந்த ஊரு ஆம்பளைங்களைப் பத்தி ஆரம்பத்துலயே புட்டுப் புட்டு வைக்குற இசபெல், பாதிப் படத்துலயே கழண்டுக்கிறாங்க, காட்டுக் குதிரை புடிக்குற அந்தப் பெரிய கிளைமாக்ஸ்ல அவங்க கிடையாது. எழுதுனது ஆர்தர் மில்லர், டைரக்‌ஷன் ஜான் ஹூஸ்டன், அவ்வளவு பெரிய தலைங்களும் இதையேதான் பண்ணியிருக்காங்க.

ரியர் விண்டோ ஒண்ணுதான் விதிவிலக்கு, அதனாலதானோ என்னவோ ஜனங்க மனசுல நிக்குற ரோலா அதுவே ஆயிடுச்சு. ஸ்டெல்லா வந்த முதல் சீன்லயே இந்த வீட்டுல ஏதோ வம்பு வரப் போகுதுன்னு வாடையே அடிக்குதுங்குறாங்க. அதுக்கு ஆதாரமா ஒரு கதை வேற: 1929-ல ஜெனரல் மோட்டார்ஸ் டைரக்டர் ஒருத்தருக்கு நர்ஸா இருந்தாங்களாம், டாக்டருங்க கிட்னி கோளாறுன்னாங்க, இவங்க அது கிட்னி இல்ல டென்ஷன்னு கண்டுபுடிச்சாங்க, ஜெனரல் மோட்டார்ஸுக்கே டென்ஷன்னா நாடு கவுறப் போகுதுன்னு அப்பவே தெரிஞ்சுதாம். பொருளாதார நிபுணர்களுக்குத் தெரியாத பங்குச் சந்தை சரிவை பாத்ரூம் போற எண்ணிக்கையை வச்சு சொல்றாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா அந்த ஒரு பேச்சுல ஸ்டெல்லா யாருன்னு முழுசா புரிஞ்சிடும். அப்புறம் ஸ்டூவர்ட் சாப்பிட்டுக்கிட்டு இருக்குறப்பவே எதிர்வீட்டுக்காரன் பொண்டாட்டியை எங்க வச்சு வெட்டியிருப்பான்னு கூலா ஆராய்ச்சி பண்ணுவாங்க, மண்வெட்டியை எடுத்துக்கிட்டு பூச்செடிக்கடியில தோண்டவே போயிடுவாங்க. ஹிட்ச்காக் இவங்களைக் கடைசி வரைக்கும் விட்டு வச்சாரு. வேடிக்கை என்னன்னா இந்த ரோலுக்கு நாமினேஷனே வரல!

நாமினேஷன் வந்ததுலயே உச்சம்னா 1953-ல சாமுவேல் ஃபுல்லர் எடுத்த பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட். ஃபுல்லர் க்ரைம் ரிப்போர்ட்டரா இருந்து வந்தவரு, தெருவுல திரியுற ஆட்களை நல்லாத் தெரியும். இதுல தெல்மா ரிட்டர் மோ வில்லியம்ஸ், வெளியில பாத்தா தெருவுல கழுத்து டை விக்குறவங்க, அசல் தொழில் போலீசுக்குத் துப்புக் குடுக்குறது. பிக்பாக்கெட் எப்படி அடிச்சான்னு சொன்னா போதும், அது யாரு கைவேலைன்னு பேரு சொல்லிடுவாங்க, அதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர்கிட்ட காய்கறிக் கடைக்காரி மாதிரி பேரம். சேக்குற காசு எல்லாம் எதுக்குன்னா ஒரு நல்ல கல்லறையில இடம் வாங்க. நியூயார்க்ல அநாதைப் பொணங்களைப் புதைக்குற பாட்டர்ஸ் ஃபீல்டுக்கு மட்டும் போயிடக் கூடாது, அது ஒண்ணுதான் வாழ்க்கையில பயம்.

இந்தப் படத்துல ரிச்சர்ட் விட்மார்க் ஒரு பிக்பாக்கெட், ரயில்ல ஒரு பொண்ணோட பர்ஸை அடிக்குறான், உள்ள பார்த்தா உளவு மைக்ரோஃபிலிம். அவனை போலீசுக்குக் காட்டிக் குடுக்குறதே மோதான், அவனுக்கு அதுல கோவமே இல்ல, அவங்களும் சாப்பிடணும்லங்குறான். ஆனா அந்த ஃபிலிமைத் தேடி வர்ற கம்யூனிஸ்ட் ஏஜென்ட் ஜோயி அவன் அட்ரஸ் கேட்டு வர்றப்போ மோ குடுக்க மாட்டாங்க. நாள் முழுக்க நடந்து டை வித்துட்டு வந்து, செருப்பைக் கழட்டிப் போட்டு, ரெக்கார்டு ப்ளேயர்ல பாட்டு ஓட விட்டு படுக்கையில சாஞ்சிருக்காங்க. அவன் துப்பாக்கியோட நிக்குறான். இவங்க கெஞ்சல, வீர வசனமும் பேசல, களைச்சுப் போச்சுப்பா, நீ சுட்டா எனக்கு உதவிதான்னு சொல்ற மாதிரி ஒரு பேச்சு. கேமரா அவங்களை விட்டு நகர்ந்து ரெக்கார்டு பக்கம் போகுது, பாட்டு முடியுது, வெடிச் சத்தம். இவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சு அந்தப் பத்தாண்டுல அமெரிக்க சினிமாவுல களைப்பை இவ்வளவு சரியா யாரும் நடிச்சதில்ல. நடிக்குற மாதிரியே தெரியாது, ஒரு மனுஷி உடம்புல இருந்து காத்து மெல்ல எறங்குற மாதிரி இருக்கும்.

அதுக்கப்புறம் விட்மார்க் அநாதைப் பொணப் படகுல இருந்து அவங்க சவப்பெட்டியை வாங்கிட்டுப் போயி ஒழுங்கா அடக்கம் பண்றான். ஃபுல்லர் அந்தக் கதாபாத்திரத்துக்கு அவ்வளவு மரியாதை குடுத்தாரு. ஆனா இங்கயும் பாருங்க, எல்லாரைப் பத்தியும் எல்லாம் தெரிஞ்ச ஆள், படம் முடியுறதுக்கு முன்னாடியே காலி. இதுல ஒரு கூடுதல் தகவல், பிரெஞ்சு டப்பிங்ல அரசியல் வேண்டாம்னு கம்யூனிஸ்ட்களை போதை மருந்து கடத்துறவங்களா மாத்திட்டாங்க, கதையே தலைகீழ். மோவோட சாவு அப்பவும் அதே வலியோடதான் வேலை செய்யுது, ஏன்னா அந்த சீன்ல கட்சிக்கு ஒரு வேலையும் இல்ல.

இப்போ தோல்விக் கணக்குக்கு வருவோம். 1950-க்கு ஜெயிச்சது ஹார்வி படத்துக்கு ஜோசஃபின் ஹல், 1951-க்கு ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர் படத்துக்கு கிம் ஹன்டர், 1952-க்கு பேட் அண்ட் த பியூட்டிஃபுல் படத்துக்கு குளோரியா கிரஹாம், 1953-க்கு ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டிக்கு டோனா ரீட், 1959-க்கு ஆன் ஃபிராங்க் படத்துக்கு ஷெல்லி வின்டர்ஸ், 1962-க்கு மிராக்கிள் வொர்க்கர் படத்துக்கு பாட்டி டியூக். இந்த ஆறு பேர்ல மூணு பேரு, ஹல், ஹன்டர், டியூக், அதே ரோலை ஏற்கனவே பிராட்வே மேடையில நடிச்சு பேரு வாங்குனவங்க. அதாவது ஓட்டுப் போடுறவங்களுக்கு அது பெரிய ரோல்னு முன்கூட்டியே யாரோ சொல்லி வச்சாச்சு. மீதி மூணுல டோனா ரீட் அதுவரைக்கும் குடும்பப் பொண்ணு ரோலா பண்ணிட்டு இருந்துட்டு கிளப்புல வேலை செய்யுற பொண்ணா நடிச்சாங்க, பார்த்தியா எப்படி மாறிட்டாங்கன்னு பேச வைக்குற ரோல், அந்தப் படமும் அன்னிக்கு 8 ஆஸ்கர் அள்ளுச்சு. குளோரியா கிரஹாம் படத்துல வர்றதே பத்து நிமிஷத்துக்கும் கம்மி, அதனால திரை நேரம் பத்தலங்குற வாதமும் இங்க நிக்காது.

தெல்மா ரிட்டர் ரோல்ல மாறுறதே கிடையாது, வர்றப்பவே முழு ஆளா வர்றாங்க. அழுது புரளுற சீன் கிடையாது, மேடையில இருந்து வந்த மரியாதை கிடையாது, நடிச்சதே தெரியாத அளவுக்கு சுலபமா இருக்கு. சுலபமா தெரியுறதுக்கு நாமினேஷன் குடுக்க மனசு வரும், பொம்மை குடுக்க வராது. இதோட, 1950-ல அதே ஈவ் படத்துல இருந்து செலஸ்ட் ஹோமும் இதே பிரிவுல நின்னதால ஓட்டு பிரிஞ்சிருக்கலாம், அது தனி.

அதை விடக் கொடுமை 1951. மேட்டிங் சீசன்னு ஒரு பாரமவுன்ட் படம். ஹாம்பர்கர் கடை நடத்துற எலன், கடை பேங்குக்குப் போயிடுது, பணக்கார வீட்டுல கல்யாணம் பண்ணப் போற மகனைத் தேடி வர்றாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் மருமக (ஜீன் டியர்னி) இவங்களை சமையல்காரின்னு நினைச்சுடுறா, இவங்களும் சரின்னு மாமியார்னு சொல்லாம அடுப்படியில சேர்ந்துடுறாங்க. முழுப் படமும் இவங்க தோள்லதான். ஆனா டைட்டில்ல பேரு டியர்னிக்கும் ஜான் லண்டுக்கும் பின்னாடி, நாமினேஷன் துணை நடிகைக்கு. அதே டீம், சார்லஸ் பிராக்கெட், வால்டர் ரைஷ், ரிச்சர்ட் பிரீன், அடுத்து இவங்களுக்காகவே மாடல் அண்ட் த மேரேஜ் புரோக்கர் எழுதுனாங்க, ஜார்ஜ் கியூகர் டைரக்‌ஷன். நியூயார்க்ல கல்யாண புரோக்கரா இருக்குற மே, ஊருக்கெல்லாம் ஜோடி சேத்து வைக்குறவங்க, தன் புருஷன் மட்டும் வேற ஒருத்தியோட போயிட்டான். ஹீரோயின் சந்தேகமே இல்லாம இவங்கதான், போஸ்டர்ல மாடல் அழகி ஜீன் கிரெய்ன்தான் முன்னாடி. ஸ்டூடியோவுக்கு நல்லாவே தெரியும் படம் யாரு மேல நிக்குதுன்னு, ஆனா அம்பது வயசு முகத்தை வச்சு டிக்கெட் விக்க முடியாதுன்னு ஒரு பயம்.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போகும்ங்குறதுக்கு 1955, 56 நல்ல சாட்சி. பேடி சயஃப்ஸ்கி டிவிக்கு எழுதுன கேட்டர்டு அஃபேர் நாடகத்துல தெல்மா ரிட்டர்தான் அம்மா. பிராங்க்ஸ்ல டாக்சி ஓட்டுற புருஷன் சொந்த டாக்சி வாங்க சேத்து வச்ச காசு, பொண்ணுக்குத் தடபுடலா கல்யாணம் பண்ணிப் பாக்கணும்னு அம்மாவுக்கு ஆசை, ரெண்டும் மோதுது. டிவிக்குக் குடுக்குற எம்மி விருதுக்கு நாமினேஷனும் வந்துச்சு. அடுத்த வருஷம் எம்ஜிஎம் அதைப் படமா எடுத்தப்போ அம்மா ரோல் போனது பெட்டி டேவிஸுக்கு. ஈவ் படத்துல யாருக்கு உதவியாளரா நின்னாங்களோ அதே பெட்டி டேவிஸ்! அதே சயஃப்ஸ்கி டிவிக்கு எழுதுன மார்ட்டியை 1955-ல படமாக்குனப்போ ஹீரோவா போட்டது எர்னஸ்ட் போர்க்னைனை, சாதாரண முகம், தொப்பை, கசாப்புக் கடைக்காரன் ரோல், சிறந்த நடிகர் ஆஸ்கரும் குடுத்தாங்க. ஆம்பளைக்கு சாதாரண முகம்னா அது நிஜம், பொம்பளைக்குன்னா அதுக்கு ஒரு ஸ்டார் வந்து சாதாரணமா வேஷம் கட்டணும். 1952-லயே ஷெர்லி பூத் இந்த மாதிரி ரோலுக்கு சிறந்த நடிகை வாங்கலையான்னு கேட்டா, வாங்குனாங்க, நியாயமான கேள்விதான், ஆனா அவங்களும் அதே ரோலுக்கு பிராட்வேல நாடகத்துக்கான டோனி விருது வாங்கிட்டு வந்தவங்க.

அகாடமிக்கு இவங்க மேல வெறுப்புன்னும் சொல்ல முடியாது. 1955 ஆஸ்கர் விழாவை ஹாலிவுட்ல பாப் ஹோப் நடத்த, நியூயார்க் மேடையை நடத்துனது தெல்மா ரிட்டர். பரிசு குடுக்குற மேடையில நிக்க வச்சாங்க, வாங்க விடல, அவ்வளவுதான்.

1959-ல பில்லோ டாக், டோரிஸ் டே வீட்டு வேலைக்காரி அல்மா, எப்பவும் தலைவலியோட வர்ற குடிகாரி. ராக் ஹட்சன் விஷயம் கறக்கலாம்னு இவங்களுக்கு ஊத்திக் குடுத்து கடைசியில அவரே கவுந்துடுவாரு, படத்துலயே நல்ல காமெடி அதுதான். வித் எ சாங் இன் மை ஹார்ட் படத்து நர்ஸ் ரோல் (1952) பத்தி எனக்குப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, நாமினேஷன் வந்ததுல பலவீனமானது அது.

1962 பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்தான் கடைசி நாமினேஷன், அதுல மொத்தமா வேற ஆளு. பர்ட் லங்காஸ்டர் கொலைக் கைதி ராபர்ட் ஸ்ட்ரவுட், இவங்க அம்மா எலிசபெத். மகனோட தூக்கை நிறுத்த ஜனாதிபதி வில்சனோட மனைவி வரைக்கும் போயி மல்லுக்கட்டுன அம்மா, அதே மகன் ஜெயில்ல இருந்துக்கிட்டே ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டான்னு தெரிஞ்சதும் அவனுக்கு எதிராத் திரும்புறாங்க. நக்கல் இல்ல, சிரிப்பு இல்ல, பாசம்னு பேரு வச்ச ஒரு பிடி. டைரக்டர் ஜான் ஃபிராங்கன்ஹைமர். அதே வருஷம் அவரே எடுத்த மஞ்சூரியன் கேன்டிடேட்ல மகனை ஆட்டிப் படைக்குற இன்னொரு அம்மாவா ஏஞ்சலா லான்ஸ்பரி, அவங்களும் அதே பிரிவுல நாமினேட். ஒரே டைரக்டரோட ரெண்டு பயங்கரமான அம்மாக்களும் தோத்து, 16 வயசு பாட்டி டியூக் வாங்கிட்டுப் போனாங்க.

நான் இவ்வளவு நேரம் சொல்லிட்டு இருக்குற வாதத்துக்கு வலுவான ஆதாரம் ஹாலிவுட்ல இல்ல, பிராட்வேல இருக்கு. 1957-ல நியூ கேர்ள் இன் டவுன்னு ஒரு மியூசிக்கல், யூஜின் ஓ நீல் நாடகத்துல இருந்து எடுத்தது, ஜார்ஜ் ஆபட் டைரக்‌ஷன், பாப் ஃபாஸி நடனம். ஹீரோயின் க்வென் வெர்டன், நடனத்துல அந்தக் காலத்துல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. துறைமுகத்துல சுத்துற குடிகாரக் கிழவி மார்த்தியா தெல்மா ரிட்டர். 1958 டோனி விருதுல இவங்களைத் துணை நடிகைன்னு ஓரங்கட்டாம மியூசிக்கல் சிறந்த நடிகை பிரிவுலயே வச்சாங்க, க்வென் வெர்டனும் இவங்களும் சமமா வந்து ரெண்டு பேருக்கும் பரிசு. கதாநாயகி கணக்குல சேத்தப்போ ஜெயிச்சுட்டாங்க பாருங்க.

1960-கள்ல ஸ்டூடியோ சிஸ்டம் உதிர ஆரம்பிச்சிடுச்சு. 1948-ல சுப்ரீம் கோர்ட் ஸ்டூடியோக்கள் தியேட்டரைக் கையில வச்சுக்கக் கூடாதுன்னு சொன்னதுல ஆரம்பிச்ச சரிவு அது, டிவி வந்து முடிச்சு வச்சது, வார சம்பளப் பட்டாளத்தை வச்சுக் காப்பாத்த யாருக்கும் வசதி இல்ல. மூவ் ஓவர் டார்லிங், போயிங் போயிங்னு இவங்களுக்கும் நக்கலடிக்குற மாமியார், வேலைக்காரி ரோலே திரும்பத் திரும்ப வந்துச்சு. 1967-ல இன்சிடென்ட்னு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ராத்திரி நியூயார்க் சப்வே ரயில்ல ரெண்டு ரவுடிங்க ஒரு பெட்டி முழுக்க இருக்குறவங்களை பயமுறுத்துறாங்க, அதுல ஒரு வயசான பயணியா வர்றாங்க, சின்ன ரோல்தான், தவற விடாதீங்க. 1969 பிப்ரவரி 5, நியூயார்க்ல மாரடைப்புல இறந்துட்டாங்க, 67-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்துச்சு.

பாக்க ஆரம்பிக்கணும்னா பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்ல இருந்து ஆரம்பிங்க, 80 நிமிஷம்தான். அடுத்து மேட்டிங் சீசன், பிரிண்ட் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். ஈவ் எல்லாரும் பார்த்திருப்பீங்க, இன்னொரு தடவை பார்த்தா பார்ட்டி சீன் வரைக்கும் மார்கோவை விட்டுட்டு பின்னாடி நிக்குற பெர்டி மூஞ்சியை மட்டும் பாருங்க, ஈவ் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அந்தம்மா கண்ணு கணக்கை முடிச்சிருக்கும்.